கலாசாலை புகுவோர் தம் வாய்ப்பினை நிறுத்தறியும் முறை

பள்ளியிறுதிப் பரீட்சையின் முடிவு வெளியாகும் வேனிற் காலத்தில் நம் நாட்டு இல்லந்தோறும் எழும் வினா ஒன்றே. "இந்த மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும்?" என்பதே அது. விடை கூற முன்வருவாரோ பலர். அயல் வீட்டார் ஒன்று கூறுவர். மாமன் முறையினர் அதனை மறுத்து வேறொன்று கூறுவர். முன்னைய ஆண்டில் இடம் பெற்ற மாணவர் தமக்கு நேர்ந்ததே எவர்க்கும் நேரும் எனச் சாதிப்பர். இவருள் பெரும்பாலார் இடங்கள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை ஆராய்ந்து கூறுவார் அல்லர். எம்போல்வார் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவ்வினாவையே எதிர்கொள்கின்றோம். ஆதலின் அதனை ஒருவாறு ஆராய்தல் இவ்விதழ் படிப்பார்க்கும் அவர்தம் தம்பி தங்கையர்க்கும் பயன்படும் எனக் கருதினோம்.

எடுத்துக்காட்டிற்குச் செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழியைக் கொள்வோம். (இராமலிங்க அடிகள் உறைந்த கருங்குழி வடலூரை அடுத்தது, இது வேறு.) சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப் பாதையில் படாளத்திற்கும் மதுராந்தகத்திற்கும் இடையே அமைந்த சிற்றூர் இது. 1759ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி கூட் என்பார் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இவ்வூரது. இன்று இவ்வூர் மாணவர் கைப்பற்ற விழையும் கோட்டைகளோ வடக்கே உள்ளன. செங்கற்பட்டில் 1965இல் தோன்றிய அரசினர் மருத்துவக் கல்லூரி உண்டு. தாம்பரத்தில், 1837இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி 1937இல் அவ்விடம் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி உண்டு. கிண்டியில் 1794இல் நிலவளவைப் பள்ளியாக எண்மர் சிறுவரோடு தொடங்கிய பொறியியற் கல்லூரி உண்டு. அவ்வெண்மர் எவரொடும் போட்டியிட்டுப் புகுந்திலர். அளப்பார் வேண்டும் என்று ஆட்சியார் தாமே தேடிச் சேர்த்துக்கொண்டனர். இன்று அவ்வாயிலில் நிற்போர் தொகையை நோக்கின் காலம் எத்துணை மாறிற்று என்பது விளங்கும்.

இடம் சிலவாக, விழைவார் பலராயின் எவ்வாறு தெரிவது என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. கருங்குழிக்கு மேற்கே, பேருந்தில் ஏறின் விரைவில் அடையத்தக்க உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையை அவை கூறுகின்றன. இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையராதல் வேண்டும். தம் மனையிலே வீடு கட்டி வாழ்தல் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டிற்கு மேலும் எழுபதிற்கு உட்பட்டும் வயது இருத்தல் வேண்டும். கல்வியும் ஒழுக்கமும் வேண்டும். அண்மையில் மூன்றாண்டிற்குள் வாரியம் செய்தார் விலக்கப்பட்டனர். இவ்வளவு தகுதியும் நோக்கிய பின்னர் என் செய்தனர்? எஞ்சினார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தனர். தகுதியுடையார் பலர் நின்றவிடத்து, இன்னாரே சிறந்தார் என்று அளந்து விட்டதாக அவர் நடித்திலர். குடத்தை அவைநடுவே வைத்துக் காட்டினர்.

இக்காலத்துத் தெரிவிலும் இவ்விரு கூறுகளும் உள. ஒன்று மாணவர்தம் தகுதி, மற்றொன்று குடம். ஆனால் இன்றைய குடம் கண்ணுக்குப் புலனாகாது. அவ்வாண்டு வினாத்தாள் எளிதோ அரிதோ என்பதும், எத்தனை பேர் எழுதினர் என்பதும், அவர்தம் விருப்பம் கணினித் துறையிற் சென்றதோ கட்டடத் துறையிற் சென்றதோ என்பதும், புதிய இடங்கள் கூடினவோ குறைந்தனவோ என்பதும் அக்குடத்துள் கிடக்கும் ஓலைகள். இவற்றுள் ஒன்றேனும் மாணவர் கையில் இல்லை. உண்மையாகவே ஒரு குடவோலையும் உண்டு. பொறியியற் சேர்க்கையில் இருவர் சம மதிப்பெண் பெறின், முதலிற் கணித எண்ணும், பின் பௌதிக எண்ணும், அதன்மேல் பிறவும், பிறந்த நாளும் நோக்குவர். எல்லாம் ஒத்தவிடத்து ஒவ்வொருவர்க்கும் முன்னரே கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணே முடிவு செய்யும். உத்திரமேரூர்ச் சிறுவன் இன்று கணினியாய் அமர்ந்திருக்கின்றான் எனலாம்.

இனி, தகுதியை அளக்கும் கோல் எக்காலத்தும் ஒன்றாய் இருந்ததில்லை என்பதையும் அறிதல் வேண்டும். 1857இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பெற்ற பின்னர் நெடுங்காலம் எல்லாப் பாடத்தும் தேறுதலே கோலாயிருந்தது. கணித மேதை இராமாநுசர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் புகுந்தும், பிற பாடங்களில் தவறியமையால் அதனை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறிலர். அவரே 1914இல் கேம்பிரிட்ஜ் சென்று 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராயினார். கோல் பொய்த்தது என்று யாம் கூறவில்லை. நெல்லை அளக்க அமைந்த மரக்கால் நெல்லையே அளக்கும். அதனிடம் பொன்னின் மாற்றுக் கேட்டல் ஆகாது.

அப்பால், இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசாணையை 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதி மன்றம் தள்ளியது. அவ்வாண்டே அரசியற் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்பட்டோர்க்குத் தனியிடம் அளிக்க வழி செய்தது. 1984இல் தொழிற் கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 2007இல் அது சட்டத்தால் நீங்கிற்று. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் என்னும் அகில இந்தியத் தேர்வே வாயிலாயிற்று. கோல் மாறுந்தோறும் சிலர் வாய்ப்பு உயர்ந்தது, சிலர் வாய்ப்பு தாழ்ந்தது. மாணவர்தம் அறிவு மாறிற்றில்லை.

இப்பொழுது கருங்குழியில் அரசினர் பள்ளியிற் பயின்ற மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்வோம். கணிதத்தில் 92, பௌதிகத்தில் 84, இரசாயனத்தில் 88 பெற்றாள் என்க. பொறியியற் கணக்கில் கணிதம் நூற்றுக்கு அவ்வாறே நிற்கும். ஏனை இரண்டும் ஐம்பதிற்கு ஒடுங்கும். ஆகவே 92, 42, 44 கூடி இருநூற்றுக்கு 178 ஆகும். இதனாலேயே கணிதத்தில் இழந்த ஓர் எண் பௌதிகத்தில் இழந்த ஈரெண்ணுக்கு ஒப்பாகின்றது. பன்னிரண்டாம் வகுப்பிற் பயில்வார் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

178 என்னும் இவ்வெண்ணைக் கையிற்கொண்டு அவள் செய்வது யாது? சென்ற ஆண்டு இன்ன கல்லூரியில் இன்ன துறை எவ்வெண்ணோடு முடிந்தது என்று பார்க்கின்றாள். அவ்வெண் 180 ஆயின் மனமுடைகின்றாள். 176 ஆயின் இடம் கிடைத்ததாகவே மகிழ்கின்றாள். இரண்டும் பிழை. அம்முடிவெண் எவரும் கட்டிவைத்த மதில் அன்று. கடற்கரையில் நேற்றைய அலை விட்டுச் சென்ற ஈரக்கோடு. 2019இல் மேனிலைத் தேர்வின் மொத்தம் 1200இலிருந்து 600 ஆயிற்று. 2021இல் கொரோனா நோயால் தேர்வே நடவாது, பழைய வகுப்புக்களின் எண்களைக் கொண்டு மதிப்பெண் கணித்தனர். இத்தகைய ஆண்டுகளின் எண்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தலாற் பயனில்லை. எண்ணினும் தரவரிசை நம்பத் தக்கது. வினாத்தாள் எளிதாயின் எல்லாருடைய எண்ணும் ஏறும். ஆயினும் ஐயாயிரமாவது நிற்பார் ஐயாயிரமாவதாகவே நிற்பர். எனவே கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அத்துறை எந்தத் தரவரிசையோடு முடிந்தது என்பதையே நோக்குக. அது ஆண்டுக்காண்டு எவ்வளவு அசைந்தது என்பதையும் குறித்துக்கொள்க. அவ்வசைவின் அகலமே குடத்தின் அளவு.

அன்றியும், எந்த வரிசையின் முடிவு என்று காணல் வேண்டும். தமிழ்நாட்டில் நூறு இடங்களுள் 31 பொதுப்போட்டிக்கு உரியன. எஞ்சிய 69இல் பிற்பட்டோர்க்கு 26.5, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்பட்டோர்க்கும் சீர்மரபினர்க்கும் 20, ஆதி திராவிடர்க்கு 15, அருந்ததியர்க்கு 3, பழங்குடியினர்க்கு 1 என வகுத்துள்ளனர். பொதுப்போட்டி இடம் எவ்வகுப்பினர்க்கும் திறந்தது. பலர் பொது முடிவெண்ணை மட்டும் நோக்கித் தமக்கு இடமில்லை எனத் தாமே தீர்ப்பளித்துக் கொள்கின்றனர். மேலும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசினர் பள்ளியிற் பயின்றார்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றில் 2021 முதலும் நூற்றுக்கு 7.5 இடங்கள் தனியே உண்டு. நம் மாணவி இவ்வரிசையிலும் நிற்கின்றாள். இவ்வரிசையின் முடிவெண் பொதுவரிசையினும் தாழ்ந்தது. அதனை அவளுக்கு எடுத்துக் கூறுவார் இல்லாமையாற் போகும் இடங்கள் எத்தனையோ! குடும்பத்தில் முதற் பட்டதாரியாவார்க்குப் பயிற்றுக் கட்டணச் சலுகை உண்டு என்பதும் அவ்வாறே. அதற்குச் சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்திற்குச் செல்ல நாளும் வேண்டும். முடிவு வெளியான பின் ஓடுதலினும் முன்னரே பெற்றுவைத்தல் அறிவுடைமை.

யாம் சிறப்பாகக் கூற விழைவது விருப்பப் பட்டியலைப் பற்றி. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கிய காலத்தில் மாணவர் தந்தையோடு சென்னைக்குச் சென்று, திரையில் எஞ்சிய இடங்களைக் கண்டு, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தனர். 2018 முதல் அது இணையவழி ஆயிற்று. இப்பொழுது எஞ்சிய இடம் யாது என்பதை அறியாமலே, வேண்டிய கல்லூரிகளை வரிசையாக முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். இங்கேதான் அச்சம் புகுகின்றது. "எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டுவதும் கைநழுவும், ஆதலால் கிடைப்பதையே முதலில் எழுது" என்று அண்ணன்மார் அறிவுரை கூறுகின்றனர். இவ்வறிவுரையால் நல்லிடம் இழந்தார் பலர்.

அது பிழை என்பதைக் காட்டுவோம். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கின்றது. நம் மாணவியின் முறை வருங்கால், அவள் முதலில் எழுதிய இடம் பொதுவிலோ அவள் வகுப்பிலோ எஞ்சியுள்ளதா என நோக்கும், உண்டாயின் அளிக்கும், இல்லையாயின் இரண்டாவதை நோக்கும், இவ்வாறே கீழே செல்லும். அவள் இரண்டாவதாக எழுதிய கல்லூரியை அவளுக்கு முன் கொண்டார் யாவர்? அவளினும் உயர்ந்த வரிசையினர். அவர், இவள் எவ்வாறு எழுதியிருப்பினும் அதனைக் கொண்டே இருப்பர். அவளுக்குப் பின்னுள்ளார் அவள் முறை முடியும்வரை எதனையும் தொடார். மதுராந்தகம் சந்தையில் பழக்கடை முன் வரிசையில் நிற்பவர், தம் முறை வந்தபொழுது முதலில் மாம்பழம் உண்டா என்று வினவியதனால் கொய்யாப்பழத்தை இழப்பரோ? ஆகவே உள்ளம் உண்மையாக விழைந்த வரிசையிலேயே எழுதுதல் வேண்டும். மாறாக, கொய்யாவை முதலிற் கேட்டார்க்குக் கடைக்காரர் மாம்பழம் மிஞ்சியிருப்பினும் கொய்யாவையே தருவர்.

இழப்பு நேர்வது வேறு வழியில். பத்துக் கல்லூரி எழுதி நிறுத்தினார், அப்பத்தும் முன்னரே நிரம்பிவிடின், அச்சுற்றில் வெறுங்கையராவர். அண்ணா சர்வகலாசாலையைச் சார்ந்து நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளமையின் பட்டியல் நீளுதலில் தடையில்லை. ஆனால் சேர மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுதுதல் வேண்டா. அதுவே கிடைக்கவும் கூடும். இடம் ஒதுக்கிய பின் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாதார் அதனை இழப்பர் என்பதையும் மறத்தல் ஆகாது.

கலைக் கல்லூரிகளின் நெறி வேறு. செங்கற்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் கல்லூரி போன்ற அரசினர் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் போதும். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பமும் தனித்தனிக் கட்டணமும் வேண்டும். சிறுபான்மையோர் நிறுவிய கல்லூரிகளில் அரசியற் சட்டத்தின் 30ஆம் பிரிவு தந்த உரிமையால் அச்சமூகத்தார்க்குத் தனிப்பங்கும் உண்டு. இங்கே ஒரு கணக்கு மயக்கம் நேர்கின்றது. நான்கு கல்லூரிகளில் ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உளதாயின், நான்கும் கூடி முழு வாய்ப்பாயிற்று என எண்ணுவர். அன்று, நான்கிலும் இடம் கிடையாமைக்கு 256இல் 81 பங்கு உண்டு. ஒன்றேனும் கிடைத்தற்கு நூற்றுக்கு 68 பங்கே எஞ்சும். அதுவும் ஒன்றன் முடிவு மற்றொன்றைச் சாராதாயின். ஒரே மதிப்பெண்ணைத்தான் நான்கு கல்லூரியும் நோக்குகின்றன. ஓரிடத்துத் தள்ளியதற்குரிய காரணம் பிறவிடத்தும் தள்ளும். ஆதலின் புகழ்பெற்ற நான்கிற்கு விண்ணப்பித்தலினும், தரத்தால் வேறுபட்ட நான்கிற்கு விண்ணப்பித்தலே உறுதி தரும்.

மதிப்பெண்ணோடு கைத்திறனும் கருதத்தக்க படிப்பு ஒன்றும் நம் மாவட்டத்திலேயே உள்ளது. மாமல்லபுரத்தில் 1957இல் சிற்பப் பயிற்சி நிலையமாகத் தொடங்கிய அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி அது. குமரிமுனையில் 2000 சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதியார் நெடுங்காலம் அதன் தலைவராயிருந்தார். கல்லிலும் மரத்திலும் உலோகத்திலும் உருவமைக்கும் தொழிலும், கோயிற் கட்டடக் கலையும் அங்குப் பட்டப் படிப்பாக நடைபெறுகின்றன. கருங்குழி மாணவர் செங்கற்பட்டிற்குச் சென்று, திருக்கழுக்குன்றத்தின் வழியாக அதனை அடையலாம். பொறியியற் பட்டியலில் அக்கல்லூரி இராது. அதற்கு விண்ணப்பம் தனியே பெறுதல் வேண்டும்.