வேலைக்குப் போகும் வீட்டில் படுத்திருப்பவருக்குத் துணை

விடிந்ததும் விடியாததுமாக ஆலை வேன்கள் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிச் சுற்றுக் கிராமங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிடும். பயராபீசு எனப்படும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் போனவர்கள் திரும்பச் சாயங்காலம் ஆகும். அந்தப் பகல் முழுக்க, புற்று முற்றியோ, பக்கவாதம் வந்தோ, சிறுநீரகம் செயலிழந்தோ படுத்திருக்கும் ஒருவர் வீட்டில் தனியாகக் கிடப்பார். இல்லையென்றால் அவரைப் பார்த்துக்கொள்ள மனைவியோ மகளோ வேலையை விட்டு நிற்பார். அந்த வீட்டில் ஒரு ஆள் கூலி நின்றுபோயிருக்கும். விருதுநகர் மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உதவப் போகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது நல்லதுதான். ஆனால் வாரத்தில் ஒரு வேலைநாள் பகலில் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த மகள் ஒரு நாள் கூலிக்குப் போய் வரலாம், அல்லது நான்கு மணி நேரம் அசந்து தூங்கலாம். இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது

நேரே நோயாளி வீட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, நகரத்தில் இருந்தால் நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கோ போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்றால் வீடு தேடி வரும் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே கொண்டுபோவதும் அதே திட்டத்தில் இருக்கிறது. அந்தப் பணிக்கு வரும் செவிலியர் யார், எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறார் என்று விசாரியுங்கள். அவரோடு இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். பிறகுதான் ஒரு வீட்டை நீங்கள் ஏற்க வேண்டும்.

இப்படி ஊர்க்காரர்களே துணைக்குப் போவதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சகாக்களும் தொடங்கிய வலி தணிப்புச் சங்கம், பின்னாளில் மலப்புறம் பக்கம் ஊர் மக்களையே பராமரிப்பாளர்களாக மாற்றியது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று யாரும் சேரலாம். வாரம் 2 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். 16 மணி நேர வகுப்பில் உட்கார வேண்டும். செவிலியரோடு வீடுகளுக்குப் போய்ப் பழக வேண்டும். 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. டாக்டர் ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பு தன்னார்வலர்களுக்கும் பயிற்சி தருகிறது. பயிற்சி இல்லாமல் பாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விழுங்க முடியாதவருக்குப் பாசத்தோடு ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் நாள்

இரண்டு பேராகப் போங்கள். பெண் நோயாளி என்றால் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். எந்த நேரம் வரலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு வீடே இருக்கன்குடிக்குக் கிளம்பும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலை வேலை நெருக்கடியாக இருக்கும். உங்கள் துணை அதிகம் தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான்.

உள்ளே போனதும் நோயைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். “அண்ணாச்சி, ராத்திரி தூங்குனீங்களா?” என்ற கேள்வி போதும். வலி, மூச்சு, மலச்சிக்கல், மனக்கவலை எல்லாம் அந்த ஒரு கேள்விக்கான பதிலில் வந்துவிடும். நின்றபடி பேசாமல், அவர் முகம் தெரியும் உயரத்தில் உட்காருங்கள். வீட்டுக்காரர்கள் கொடுக்கும் காபியைக் குடியுங்கள். மறுத்தால் நோய்க்குப் பயந்து மறுப்பதாகத்தான் படும்.

வாசலில் பிடித்து நிறுத்தி, “அவருக்குத் தெரியாது, சொல்லிறாதீங்க” என்பார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் இது நடக்கும். நோயின் பெயரைச் சொல்வது உங்கள் வேலை அல்ல. பொய் சொல்வதும் உங்கள் வேலை அல்ல. “எனக்கு என்னன்னு டாக்டர் சொன்னாரு?” என்று அவரே கேட்டால், “நீங்க என்ன நினைக்கிறீங்கய்யா?” என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பல பேர் எல்லாம் தெரிந்தே இருப்பார்கள். வீட்டார் மனம் நோகக் கூடாதென்று தெரியாதது போல் இருப்பார்கள். அவர் சொன்னதை அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். மருத்துவர் வந்து குடும்பத்தோடு பேச அது வழி திறக்கும். “எல்லாம் சரியாப் போயிரும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களிடம் உண்மை பேச மாட்டார்.

பகலில் உடனிருக்கும்போது

படுக்கைப்புண் வராமல் காப்பதுதான் முதல் காரியம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இழுக்காதீர்கள், தூக்கி நகர்த்துங்கள். இழுத்தால் தோல் உரியும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கக் கூடாது.

உணவு, தண்ணீர், மருந்து எதுவானாலும் உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அரை மணி நேரம் சாய்க்காதீர்கள். கடைசி நாட்களில் பசி தானாகவே அடங்கும். “சாப்பிடாம எப்படி இருப்பாரு” என்று வீட்டார் திணிக்கப் பார்ப்பார்கள். நனைத்த துணியால் வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்துக்கொள்ளும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். ஏதாவது செய்கிறோம் என்ற ஆறுதல் அவர்களுக்கும் வேண்டும். மூச்சு வாங்கினால் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, மேசை விசிறியை முகத்தில் படும்படி திருப்பி வைத்தால் பலருக்கும் ஆசுவாசமாக இருக்கும்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ சட்டென்று பற்றும். விளக்கு, ஊதுபத்தி, பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. ஆலையில் வெடிமருந்துத் தூள் படிந்த வேலைத்துணியை அந்த அறைக் கொடியில் தொங்கவிடக் கூடாது. திரிக்கட்டும் தீக்குச்சியும் அங்கே இருக்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டிக் கூலி சம்பாதிக்கும் வீடுகள் உண்டு. அந்த வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். காகிதத்தை வேறு அறைக்கோ திண்ணைக்கோ மாற்ற உதவுங்கள்.

வெடிவிபத்தில் தப்பிப் பிழைத்தவர்களும் இதே வீடுகளில் இருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்து போன்றவற்றின் செய்தி சில நாளில் முடிந்துவிடும். தீக்காயத் தழும்பு இறுகி விரலும் கழுத்தும் மடங்கிப்போவதும், ராத்திரியில் அரிப்பு தூங்கவிடாமல் செய்வதும் வருடக்கணக்கில் தொடரும். இயன்முறை சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை விடாமல் செய்ய வைக்க ஒரு துணை வேண்டும். பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குபவரோடு தீபாவளி இரவில் உடனிருந்தால் அதுவும் பெரிய சேவைதான்.

வலி மாத்திரை பற்றி

“மார்பின் கொடுத்தா அடிமையாயிருவாரு, அது கடைசி மருந்து” என்ற பயத்தால் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பவர்கள் ஏராளம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைப்பது எளிதானது. மருத்துவர் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. சாதாரண மார்பின் மாத்திரை சுமார் 4 மணி நேரமே வேலை செய்யும். அதனால் வலி வந்த பிறகு கொடுக்காமல், கடிகாரம் பார்த்து மருத்துவர் எழுதிய நேரப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்து சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரத்தையும், வலி பத்துக்கு எத்தனை என்று அவர் சொன்னதையும் எழுதி வையுங்கள். அளவை நீங்கள் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு வீட்டு மாத்திரையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது.

கூடாதவை

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். சொந்தப் பணம் கடன் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்து சிபாரிசு செய்யாதீர்கள். ஜெபமோ பரிகாரமோ அவர்களாகக் கேட்காமல் திணிக்காதீர்கள். ஒரு வீட்டில் கண்டதை அடுத்த தெருவில் பேசினால், அந்த ஊரில் இனி எந்தக் கதவும் உங்களுக்குத் திறக்காது. மனம் தாங்கவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லி ஒரு மாதம் விலகி இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முடிவு நெருங்கும்போதும், பிறகும்

மூச்சு விட்டு விட்டு வருவதும், தொண்டையில் கரகரப்பதும், கைகால் சில்லிடுவதும் கடைசி நேரத்தின் அறிகுறிகள். அந்த வேளையில் பதறி 108-ஐ அழைத்து, வழியிலேயே உயிர் பிரிவது பல குடும்பங்களுக்கு ஆறாத வருத்தமாக நிற்கிறது. நோயாளி வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே மருத்துவரும் குடும்பமும் பேசி முடிக்கச் செய்யுங்கள். அன்று யாரை அழைப்பது என்று நம்பர்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில். மீந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி, கொடுத்த மருத்துவமனையிலேயே ஒப்படையுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எல்லோரும் வருவார்கள். நீங்கள் அதற்குப் பிறகும் ஒருமுறை, இரண்டு மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை போங்கள். கணவரை இழந்தவர் விதவை உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவரா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டு, இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் நகல்களோடு இ-சேவை மையத்துக்குக் கூடவே போய் மனுவைப் பதிந்து கொடுங்கள். இ.எஸ்.ஐ.யிலோ தொழிலாளர் நல வாரியத்திலோ இறந்தவர் பதிந்திருந்தால் அந்தக் கார்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். வரவேண்டிய பணம் இருந்தால், கார்டில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்பது எளிது.