வளைவுக்கும் பொறுப்பு உண்டு

கேள்வி: தெருப் பந்தயத்தில் கார்கள் மோதினால் ஓட்டுநரைத்தானே குற்றம் சொல்ல வேண்டும்?

பதில்: ஓட்டுநர் தவறலாம், அந்தத் தவறு எவ்வளவு பெரிய விபத்தாகும் என்பதைத் தீர்மானிப்பது வளைவு. சவூதியின் ஜெட்டா தடத்தையே பாருங்கள். 6.174 கிலோமீட்டரில் 27 வளைவுகள், ஒட்டினாற்போல் சுவர்கள். ஃபார்முலா 1 தகுதிச் சுற்றில் சராசரி வேகமே மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும். 2021 டிசம்பரில் அங்கு நடந்த முதல் பந்தயத்தில், ஓட்டுநர் பெரெஸின் கார் சுழன்று நிற்க, பின்னால் வேகம் குறைத்த ரஸலின் கார் மீது மாசெபின் மோதினார். சுவர் பார்வையை மறைக்கும் இடத்தில் எந்தத் திறமை கைகொடுக்கும்? மொனாக்கோ தெருத் தடம் இன்னும் குறுகலாயிற்றே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அங்கே வேகம் மிகக் குறைவு. வேகமும் மறைவும் சேரும்போதுதான் ஆபத்து. சுவரைத் தள்ளி வைத்தால் சவால் போய்விடும் என்ற வாதமும் நிற்காது. 2023 பந்தயத்துக்கு முன் ஜெட்டாவில் சில வளைவுகளில் சுவர்களைப் பின்னுக்கு நகர்த்தினார்கள். அதன் பிறகும் தகுதிச் சுற்றின் சராசரி வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல்தான் இருந்தது. மறைவான வளைவில் மோதல் நடந்தால், முதல் விளக்கத்தைத் தடத்தை வடிவமைத்தவரிடம்தான் கேட்க வேண்டும்.