பலர்பொருட்டு எழும் வழக்கும் அது மன்றம் மாறும் முறையும்

பாகூர் ஏரி நீரால் பயிர் செய்யும் குடிகள் பலர். நீருரிமை பற்றி வழக்கொன்று எழின், அவரனைவரும் நியாயஸ்தலப் படியேற வேண்டுவதில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதற் கட்டளை 8-ஆம் விதி, மன்றத்தின் அநுமதி பெற்ற ஒருவரோ சிலரோ எல்லார்க்குமாக வழக்காட இடந்தருகின்றது. பிரெஞ்சியர் ஆண்ட புதுவைக்கு அச்சட்டம் 1968-இல்தான் எய்திற்று. தீர்ப்பு, பெயர் குறிக்கப்படாத குடியையும் கட்டுமாதலின், நேரிலேனும் விளம்பரத்தாலேனும் எல்லார்க்கும் அறிவிப்புச் சேர்தல் வேண்டும்.

இனி, அவ்வழக்கு மன்றம் மாறுமாறு காண்போம். அமெரிக்காவில் மாநில மன்றங்கள் வேறு, கூட்டரசு மன்றங்கள் வேறு. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கிற்குரியோர் 100-க்குக் குறையாமலும், கோரிய தொகை 50 லட்சம் டாலருக்கு மேற்பட்டும், அவருள் ஒருவரேனும் ஒரு பிரதிவாதியின் மாநிலத்தவரல்லாதும் இருப்பின், பிரதிவாதி ஒருவரே, ஏனைப் பிரதிவாதியரின் இசைவின்றியும், பொதுவாக 30 நாளுக்குள் அறிவிப்பு இட்டு வழக்கைக் கூட்டரசு மன்றுக்கு ஈர்த்துக்கொள்ளலாம். செல்வர்க்கு இது பெருவசதியென்றே எனக்குத் தோன்றுகின்றது.

நம் நாட்டிலோ பிரதிவாதி தானே ஈர்த்தல் இயலாது. காரணங்காட்டி மனுச் செய்தல் வேண்டும். 24-ஆம் பிரிவின்படி மாவட்ட மன்றமும் உயர்நீதிமன்றமும் தம் ஆளுகைக்குட்பட்ட வழக்குகளை மாற்றலாம். புதுவைக்கு 1962 முதல் சென்னை உயர்நீதிமன்றமே மேல் மன்றம். மாநிலங் கடந்து மாற்றும் அதிகாரம் 25-ஆம் பிரிவால் உச்சநீதிமன்றத்துக்கு உண்டு. அங்கே வீண்மனுச் செய்து அலைக்கழித்தவன், எதிர்க்கட்சிக்கு 2,000 ரூபாய்க்கு மேற்படாத ஈடு தருமாறு கட்டளையிடப்படலாம். பாகூர்க் குடியானவன் ஒருவன் நடவை விட்டு டில்லி சென்று மீள அத்தொகை போதுமோ என்பது ஐயமே.