ராத்திரி மூச்சு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அம்மா பேசினார். "ராத்திரி குறட்டை விட்டு நல்லாத் தூங்குறான்மா. ஆனா காலையில பத்து மணிக்கே வீல்சேர்ல தலை தொங்கிடுது. புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம். மனசு விட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு" என்றார். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் மனத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் உன் மூச்சைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் பிசியோதெரபி கொடுத்த ஒரு பெண்ணுக்கும் இப்படித்தான் இருந்தது. மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடி. காலையில் எழுந்ததும் தலைவலி என்பாள். பயிற்சிக்கு நடுவே கண் சொருகும். சோம்பல் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அவளை அதட்டியிருக்கிறேன். இரவில் அவள் மூச்சு விட்டுவிட்டு வந்ததை எங்களில் ஒருவர்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போன மாதங்கள் போனவைதான்.

கிணற்றில் குதித்தபோது உன் கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாம் இடத்தில் அடிபட்டது. மூச்சுக்கு முதன்மையான தசை உதரவிதானம். அதற்குப் போகும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. அடிக்கு மேலே உள்ள பகுதிகள் தப்பியதால்தான் வெண்டிலேட்டர் இல்லாமல் நீயே மூச்சு விடுகிறாய். ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் உனக்குத் துணைக்கு வருவதில்லை. பகலில் கழுத்துத் தசைகள் கொஞ்சம் கைகொடுக்கின்றன. கனவு வரும் தூக்கத்தில் எல்லோருக்குமே உதரவிதானம் தவிர மற்ற மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. உனக்கோ அந்த நேரத்தில் ஒற்றைத் தசைதான் முழுச் சுமையையும் இழுக்கிறது. இழுத்து முடியாதபோது கரியமில வாயு உடம்பில் தேங்குகிறது. காலைத் தலைவலிக்கு அது ஒரு காரணம்.

தொண்டையில் இன்னொரு தொல்லை. தூக்கத்தில் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும். மார்பு அசையும், காற்று போகாது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உன்னை அரைகுறையாக எழுப்பிவிடும். பாதை திறக்கும், மறுபடி மூடும். குறட்டைக்கு நடுவே வரும் அந்த அமைதி நல்ல தூக்கம் இல்லை, தம்பி. கழுத்தில் அடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தூக்க மூச்சுத் தடை இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலருக்கு அடிபட்ட முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது. குண்டானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதே.

உனக்கு எப்போதும் மூக்கடைப்பு என்று சொல்வாயே, அது சளி இல்லை. மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருங்க வைக்கும் நரம்புக் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் வருகிறது. கழுத்தில் அது அறுபட்டால் குழாய்கள் விரிந்து மூக்கு அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் தண்டுவட மருத்துவத்துக்கு வழி வகுத்த லுட்விக் குட்மன் பெயரிலேயே இந்த அறிகுறியை அழைக்கிறார்கள். இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனினுக்கான கட்டளையும் அதே வழியில்தான் போகிறது. கழுத்துத் தண்டுவடம் முழுதும் அறுபட்டவர்களுக்கு இரவு மெலடோனின் சுரப்பதே இல்லை. ராத்திரி வெகுநேரம் தூக்கம் வராமல் நீ கிடப்பதற்கு ஃபோனை மட்டும் குறை சொல்ல முடியாது.

முதலில் நுரையீரல் மருத்துவரிடம் போய் ஸ்லீப் ஸ்டடி கேள். தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்று எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை. சிறுவர்களுக்கு அளவு இன்னும் கண்டிப்பானது, ஒன்றே அதிகம். கரியமில வாயுவையும் அளக்கச் சொல். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனைக் காட்டும், கரியமில வாயுவைக் காட்டாது. டான்சில், மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். உன் வயதில் அது நடக்கக்கூடியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆக்சிஜன் அளவு குறைகிறது என்று யாராவது வெறும் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துவிட்டுப் போனால், கரியமில வாயுவைப் பார்த்தீர்களா என்று கேள். மூச்சின் பலவீனத்தை ஆக்சிஜன் சரிசெய்யாது. கருவியில் எண் நன்றாக இருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்.

சிகிச்சை பெரும்பாலும் ஒரு மாஸ்க்தான். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளி, ஐந்து நோயாளிகளின் தொண்டை மூடாமல் காத்தார். அதற்கு முன்பு கடுமையான நிலைக்குத் தொண்டையில் துளையிடுவதுதான் வழி. அந்தக் கருவியின் வாரிசுதான் சிபாப். தொண்டை மட்டும் மூடினால் அது போதும். மூச்சே பலவீனமாக இருந்தால் இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டியும் விடும்போது குறைத்தும் தருகிற பைபாப் வேண்டும்.

மாஸ்க் முதல் வாரம் மூச்சுமுட்டுவது போலிருக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகு. மருத்துவர் தரும் மூக்கு மருந்தை இரவில் போட்டுக்கொள். மூக்குத்தண்டில் வலித்தால் உடனே சொல். முகத்தில் உனக்கு உணர்ச்சி இருக்கிறது, அங்கே புண் வர விடாதே. வாயையும் மூடும் மாஸ்க் வேண்டாம் என்பது என் கருத்து. வாந்தி வந்தால் சட்டென்று கையால் கழற்ற உன்னால் முடியாது. மூக்கு மாஸ்க்கின் பட்டையில் ஒரு துணி வளையம் தைத்துக் கட்டைவிரலை மாட்டி இழுத்துப் பழகு. கரண்ட் போனால் கருவி ஓடுவதற்கு இன்வெர்ட்டர் இணைப்பும் வேண்டும்.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று உனக்குப் பொய் நம்பிக்கை தர மாட்டேன். மெல்பர்ன் ஆய்வாளர்கள் புதிதாகக் கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மூன்று மாதம் சிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவின்படி பகல் தூக்கம் குறைந்தது. கவனத்தை அளக்கும் சோதனையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற உனக்குப் பகலில் விழித்திருப்பதே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

தசை இறுக்கத்துக்கு நீ சாப்பிடும் பேக்லோஃபென் மாத்திரையைப் பற்றியும் மருத்துவரிடம் பேசு. இரவு மூச்சை அது இன்னும் தளர்த்தலாம். நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தூக்க மாத்திரையைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மல்லாந்து படுத்தால் தொண்டை அதிகமாக மூடும் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டும்போது பக்கவாட்டிலேயே படுக்க வைக்கச் சொல்.

அம்மா இன்றிரவு உன்னைப் புரட்டிப் படுக்கவைத்த பிறகு உடனே படுக்கப் போக வேண்டாம். நீ நன்றாகத் தூங்கியதும் உன் முகமும் மார்பும் தெரிகிற மாதிரி ஃபோனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுக்கட்டும், சத்தம் பதிவாகும்படி. எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைக்கிறேன், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா