தோற்றவர் பாடிய பாடல்கள்

நுழையும்முன்

வென்றவர்கள் கோட்டை எழுப்புவர், வெற்றித்தூண் நாட்டுவர். தோற்றவர்களிடம் எஞ்சுவது எது? அயர்லாந்து நாட்டில் அது பாடலாக எஞ்சியது. அந்நாட்டின் எழுச்சிப் பாடல்களும் கதைப்பாடல்களும் எவ்வாறு பிறந்தன, மொழி மாறியும் கடல் கடந்தும் எவ்வாறு வாழ்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

2002ஆம் ஆண்டு பி.பி.சி. உலகச் சேவை தன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி இணையவழியே ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. உலகெங்கும் உள்ள நேயர்கள் தமக்கு மிகவும் விருப்பமான பாடலைத் தேர்ந்தெடுத்தனர். ‘வந்தே மாதரம்’ இரண்டாம் இடம் பெற்றது. ‘தளபதி’ திரைப்படத்திற்காக இளையராஜா இசையமைத்த ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடத்தைப் பிடித்தது. முதலிடம் பெற்றதோ, அன்று நாற்பது இலட்சம் அளவே மக்கள்தொகை கொண்டிருந்த அயர்லாந்தின் பாடல். ‘மீண்டும் ஒரு தேசமாக’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட அப்பாடலை ‘உல்ஃப் டோன்ஸ்’ என்னும் இசைக்குழு பாடியிருந்தது. இணைய வாக்கெடுப்பில் ஆர்வலர் திரண்டு வாக்களிப்பது இயல்புதான். எனினும், ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு பாட்டுக்காக அவ்வாறு திரள்வதற்கு ஆள் இருந்தது என்பதே கருதத்தக்கது.

அப்பாடலை இயற்றியவர் தாமஸ் டேவிஸ். 1842இல் டப்ளின் நகரில் நண்பர் இருவருடன் சேர்ந்து ‘தி நேஷன்’ என்னும் வார இதழைத் தொடங்கியவர் அவர். அரசியல் கட்டுரையை ஒருமுறை படித்தவர் மறந்துவிடுவர். பாட்டைக் கேட்டவரோ பாடிக்கொண்டே வீடு திரும்புவர். இதனை நன்குணர்ந்த டேவிஸ் தம் இதழில் பாட்டுகளுக்கு இடமளித்தார், தாமும் எழுதினார். அவை மறு ஆண்டே நூலாகத் தொகுக்கப்பட்டன. 1845இல் டேவிஸ் இறந்தபோது அவருக்கு வயது முப்பதே.

அயர்லாந்து பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த தீவு. 1798, 1803, 1848, 1867, 1916 என அந்நாட்டு மக்கள் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுந்தனர். ஒவ்வொரு முறையும் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர், சுடப்பட்டனர், அல்லது நாடு கடத்தப்பட்டனர். 1922இல்தான் தீவின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றது. வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரித்தானியாவுடனேயே தொடர்ந்தன. ஆகவே அயர்லாந்தின் எழுச்சிப் பாடல்களில் வெற்றி முழக்கத்தைத் தேடுவோர் ஏமாறுவர். அவற்றுள் பெரும்பாலானவை தோல்வியைப் பாடுபவை.

தோல்வியைப் பாடும் பாட்டு ஏன் இவ்வளவு காலம் நிலைக்க வேண்டும்? அப்பாடல்கள் நாடு, விடுதலை, வீரம் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில்லை என்பது ஒரு காரணம். அவற்றில் ஓர் ஆள் இருப்பார். அவருக்கு ஒரு பெயரும் ஊரும் இருக்கும். ‘பூலவோக்’ என்னும் பாடலை எடுத்துக்கொள்ளலாம். பூலவோக், வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்துச் சிற்றூர். அவ்வட்டாரத்துப் பாதிரியார் ஜான் மர்பி, ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அமைதி காக்குமாறு முதலில் மக்களிடம் சொன்னவர். படையினர் வீடுகளை எரிக்கத் தொடங்கியபின் அவரே மக்களுக்குத் தலைமை தாங்கினார். 1798 கோடையில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இப்பாடலை பேட்ரிக் ஜோசப் மக்கால் எழுதியதோ 1898இல், அதாவது முழுதாக நூறு ஆண்டுகள் கழித்து! நிகழ்ச்சியைக் கண்டவர் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை. ஆயினும் ஊரின் பெயரும் மனிதரின் பெயரும் மறையாதிருந்தன; பாட்டு அவற்றைப் பற்றிக்கொண்டது.

கெவின் பாரியின் பாடல் இதனினும் எளியது. பாரி, டப்ளினில் மருத்துவம் பயின்ற மாணவர். படைவீரர்கள் மீதான ஒரு தாக்குதலில் பங்கேற்றதற்காக 1920 நவம்பர் 1ஆம் நாள் மவுண்ட்ஜாய் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அதன்பின் விரைவிலேயே பாடல் பரவிவிட்டது. இயற்றியவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. கடலுக்கு அப்பால் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அதனைத் தம் கனத்த குரலில் பாடிப் பதிவு செய்தார். தம் இனத்தின் உரிமைக்காகப் போராடிய ஒருவருக்கு அயர்லாந்து மாணவனின் கதை அயலாகத் தோன்றவில்லை. அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அத்தாக்குதலில் இறந்த பிரித்தானியப் படைவீரர் மூவரும் இளைஞர்களே. பாடல் அவர்களை நினைப்பதில்லை. கதைப்பாடலின் ஆற்றலும் குறையும் அதுவே. அது ஒரே ஒரு முகத்தின்மீது மட்டும் விளக்கைப் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம் மெட்டு. புதிய பாட்டுக்குப் புதிய மெட்டு வேண்டும் என்று அயர்லாந்துப் பாடலாசிரியர்கள் எண்ணவில்லை. கேட்போர் முன்பே அறிந்த மெட்டில் புதிய சொற்களை வைத்தனர். 1916 எழுச்சியைப் பாடும் ‘ஃபாகி டியூ’ என்னும் பாடல் ஒரு பழைய காதற்பாட்டின் மெட்டிலேயே அமைந்தது. சந்தையில் ஒருவர் இதனைப் பாடும்போது கேட்பவர் மெட்டைக் கற்கவேண்டியதில்லை; சொற்களை மட்டும் கற்றால் போதும். அச்சடித்த ஒற்றைத் தாளைச் சில்லறைக் காசுக்கு விற்றுக்கொண்டே பாடும் தெருப்பாடகர்கள் சந்தைதோறும் திரிந்தனர். அத்தாளில் இசைக்குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த மெட்டில் பாடவேண்டும் என்னும் குறிப்பு இருந்தால் அதுவே மிகுதி.

அம்மெட்டுகள் பல, யாழ் போன்ற ஹார்ப் கருவியை இசைத்த பாணர்களிடமிருந்து வந்தவை. அவர்களுக்கு வாழ்வளித்த பழைய குடும்பங்கள் அழிந்தபின் பாணர்களும் அருகினர். 1792இல் பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சியோரை அழைத்து ஒரு விழா நடத்தினர். வந்த அயர்லாந்துப் பாணர் பத்துப் பேரே. அவருள் பலர் பார்வையற்றோர். ஒருவர் தொண்ணூறு வயதைக் கடந்தவர். எட்வர்டு பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அருகிலிருந்து அவர்கள் வாசித்தவற்றைக் குறித்துக்கொண்டார். அந்தச் சில நாள்களில் அவர் எழுதியிராவிட்டால் பல மெட்டுகள் அம்முதியவர்களுடனேயே மறைந்திருக்கும்.

மெட்டு பிழைத்தது, மொழி அவ்வளவு எளிதில் பிழைக்கவில்லை. அயர்லாந்தின் தாய்மொழி ஐரிஷ். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. பல ஊர்களில் குழந்தையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவர். ஐரிஷ் மொழியில் ஒரு சொல் பேசினால் அதில் ஒரு வெட்டு விழும். மாலையில் வெட்டுகளை எண்ணி ஆசிரியர் அடிப்பார். பெற்றோரும் இதற்கு உடன்பட்டனர் என்பதுதான் வருத்தத்திற்குரியது. பிள்ளைகள் வேலை தேடிப் பாஸ்டனுக்கோ லிவர்பூலுக்கோ போகவேண்டியவர்கள்; அங்கே ஆங்கிலம்தானே வேண்டும் என்று அவர்கள் கருதினர். 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மடிந்தனர். அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளே மிகவும் பாதிக்கப்பட்டன.

இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. ஆட்சியாளரை எதிர்க்கும் பாட்டுகள் ஆட்சியாளரின் மொழியிலேயே எழுதப்பட்டன. டேவிஸ் எழுதியது ஆங்கிலத்தில். கெவின் பாரி பாடலும் ஆங்கிலமே. அயர்லாந்தின் நாட்டுப்பண்ணைக்கூடப் பெதர் கியர்னி 1907ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். பின்னர் அதனை லியம் ஓ ரின் ஐரிஷில் மொழிபெயர்த்தார். இன்று மக்கள் பாடுவது அம்மொழிபெயர்ப்பையே. வீட்டில் ஐரிஷ் பேசாத பலரும் நாட்டுப்பண்ணை மட்டும் பிழையின்றி ஐரிஷில் பாடுவர்.

கப்பலேறியவர்கள் பெட்டியில் அதிகம் எடுத்துச் செல்ல இயலவில்லை. மெட்டுக்கு எடையில்லை. கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்த பிரான்சிஸ் ஓநீல், இளமையிலேயே கப்பல் வேலைக்குச் சென்று, பின் சிகாகோ காவல்துறையில் சேர்ந்து, 1901இல் அதன் தலைவரானார். குடிபெயர்ந்தோரிடம் இருந்த மெட்டுகளைத் தேடித் திரட்டுவதே அவருடைய ஓயாத ஆர்வம். அவருக்கு இசைக்குறிப்பு எழுதும் பயிற்சி போதவில்லை. அவர் நினைவிலிருந்து இசைத்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்னும் நண்பர் எழுதிக்கொண்டார். 1903இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பில் 1850 மெட்டுகள் இருந்தன. அந்நூல் அயர்லாந்துக்கே திரும்பிச் சென்றது. தாய்நாட்டு இசைஞர்கள் தம் முன்னோரின் மெட்டுகளைச் சிகாகோவில் அச்சான புத்தகத்திலிருந்து கற்றனர்!

இவ்வாறு திரும்பி வந்தது அம்முறை மட்டுமன்று. அர்மா மாவட்டத்துக் கீடி என்னும் ஊரில் சாரா மேக்கம் என்னும் பெண்மணி வாழ்ந்தார். சமையற்கட்டில் தம் தாயிடம் கேட்டுக் கற்ற பாடல்கள் நூற்றுக்கணக்கில் அவர் நினைவில் இருந்தன. 1950களில் பாடல் சேகரிப்போர் அவர் வீடு தேடி வந்து பதிவு செய்தனர். அவர் மகன் டாமி மேக்கம் அமெரிக்கா சென்று, கிளான்சி சகோதரர் மூவருடன் சேர்ந்து நியூயார்க்கில் பாடினார். குளிர் தாங்கட்டும் என்று கிளான்சிகளின் தாய் அனுப்பிய வெண்ணிறக் கம்பளிச் சட்டைகளே அவர்களின் மேடை உடையாயின. 1961இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்கள் தோன்றியபின் நிலைமை மாறியது. நாட்டுப்புறத்தது என்று அயர்லாந்து நகரத்தார் ஒதுக்கிவைத்திருந்த பாடல்களை அந்நாட்டு இளைஞர் மீண்டும் தேடத் தொடங்கினர்.

இப்பாடல்களை எங்கும் எப்போதும் பாடிவிட முடியாது. வட அயர்லாந்தில் 1960களின் இறுதியிலிருந்து 1998 உடன்படிக்கை வரை நீண்ட வன்முறை நிலவியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பும் மக்களும் அங்கே வாழ்கின்றனர். அவர்களுக்கும் தமக்கேயுரிய பாடல்கள் உள்ளன. ஒருவர் பெருமிதத்துடன் பாடும் பாட்டு, உறவினரை இழந்த அண்டைவீட்டார் காதில் அச்சுறுத்தலாக விழும். ரக்பி விளையாட்டில் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான். இரு தரப்பு வீரர்களும் சேர்ந்து பாட ஒரு பாடல் வேண்டும் என்பதற்காகவே 1995இல் ‘அயர்லாந்தின் அழைப்பு’ என்னும் புதிய பாடலைப் ஃபில் கோல்டர் எழுதினார். பழைய எழுச்சிப் பாடல்களின் கனல் அதில் இல்லை என்பது உண்மை. அது அதற்காக எழுதப்பட்டதுமன்று.

பகைவரைத் தாக்காமல் துயரை மட்டும் சொல்லும் பாடல்களும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது ‘அத்தென்ரை வயல்கள்’. பஞ்சகாலத்தில் பிள்ளைகளின் பசிக்காகத் தானியம் திருடி, ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்படும் ஒருவன், சிறைச் சுவருக்கு அப்பால் நிற்கும் மனைவியிடம் விடைபெறுவது அதன் கதை. அது பஞ்சகாலத்துப் பாட்டு என்றே பலரும் நம்புகின்றனர். உண்மையில் அதனை பீட் செயின்ட் ஜான் எழுதியது 1970களில். பாடலில் அத்தானியத்துக்கு உரியவராகச் சுட்டப்படுபவர் டிரெவெல்யன். பஞ்ச நிவாரணத்தை இலண்டனிலிருந்து கண்காணித்து, அதிக உதவி மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடும் என்று கருதிய அதிகாரி அவர். அதே சார்லஸ் டிரெவெல்யன் 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். சென்னையில் ஒரு பெரிய பொதுப்பூங்கா அமைத்தவர் என்று அங்கே அவருக்கு நற்பெயர் உண்டு. ஒரே மனிதர், ஓர் ஊரில் பூங்கா. இன்னோர் ஊரில் பாட்டு.

2012 ஜூன் 14 அன்று போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடந்தது. ஸ்பெயின் அணி அயர்லாந்தை நான்குக்குச் சுழியம் என்னும் கணக்கில் வென்றது; அயர்லாந்து தொடரிலிருந்து வெளியேறியது. ஆட்டம் முடியுமுன்னரே தோல்வி உறுதியாகியிருந்தது. ஆயினும் பச்சை உடை அணிந்து வந்திருந்தோர் அரங்கை விட்டு நீங்கவில்லை. கடைசி நிமிடங்களில் அவர்கள் ‘அத்தென்ரை வயல்கள்’ பாடலை ஒரே குரலில் பாடத் தொடங்கினர். நடுவரின் இறுதி ஊதல் ஒலித்த பிறகும் பாடிக்கொண்டிருந்தனர்.

பயிற்சி

1. பிரான்சிஸ் ஓநீல் திரட்டிய மெட்டுகள் அயர்லாந்துக்கு எவ்வாறு திரும்பிச் சென்றன?

2. ‘கதைப்பாடலின் ஆற்றலும் குறையும் அதுவே’ என்னும் கருத்தைக் கெவின் பாரி பாடலைக் கொண்டு விளக்குக.

3. பள்ளியில் கழுத்தில் குச்சி கட்டப்பட்ட ஒரு சிறுமி, அன்று மாலை தன் பாட்டியிடம் என்ன பேசியிருப்பாள்? உரையாடலாக எழுதுக.

4. உம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தெரிந்த தாலாட்டையோ நடவுப்பாட்டையோ பாடச் சொல்லிக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுக. அதனை அவர் எந்த ஊரில், யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டுக் குறிக்க.