தீவு விட்டுத் தீவு

நுழையும்முன்

விடுமுறை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாட்டி ஊர்தான். இரண்டு நாள் இரயில் பயணம், உறவினர் வீடுகள், குலதெய்வக் கோயில், மீண்டும் இரண்டு நாள் இரயில் பயணம் என்று அது முடிந்துவிடும். இவ்வாண்டு மட்டும் வேறு எங்கேனும் செல்லலாம் என்று பெற்றோர் கூறினால் எங்கே செல்வீர்கள்? எவ்வாறு திட்டமிடுவீர்கள்?

பாடம்

எங்கள் பள்ளி, கடலிலிருந்து நெடுந்தொலைவில், நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஓர் ஊரில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தமிழை விருப்ப மொழியாகப் பயின்றோர் அறுவர். கட்டுரைப் பயிற்சிக்காக, “நீங்கள் செல்ல விரும்பும் ஓர் இடத்திற்கு ஒரு வாரப் பயணம் திட்டமிடுக” என்றேன். அறுவருள் இருவர் கடலை நேரில் கண்டதே இல்லை. ஆதலால் கடல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஒரு கடற்கரை போதாது, தீவு தீவாகச் செல்ல வேண்டும் என்று அந்தமானைத் தேர்ந்தனர்.

கரும்பலகையில் அவர்கள் எழுதிய திட்டம் இது. மே மாத இறுதியில் பயணம். முதல் நாள் சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேயர். அங்கே சிறைச்சாலைக்கு அரை மணி நேரம், பின்னர் ராஸ் தீவு. இரண்டாம் நாள் பாரடாங் தீவின் சுண்ணாம்புக் குகை. வழியில் ஜாரவா பழங்குடியினரைக் காணுதல். மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவு. மாலை 6 மணிக்கு ராதாநகர் கடற்கரையில் கதிரவன் மறையும் காட்சி. நான்காம் நாள் பவளப்பாறை. ஐந்தாம் நாள் நீல் தீவு. பகல் 12 மணிக்கு இயற்கைப் பாலம். ஆறாம் நாள் காலை கப்பலில் போர்ட் பிளேயர் திரும்பி, பகலில் விமானம் ஏறுதல். ஒவ்வொரு நாளின் எதிரிலும் ‘அந்தமான் உணவு’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தனர்.

அறுவருள் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவள் தந்தை கடற்படையில் பணிபுரிபவர். முந்தைய மூன்று ஆண்டுகள் அவள் போர்ட் பிளேயரில் பயின்றவள். “கடலைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள், ஐயா” என்றாள் அவள். சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் முதலில் அடித்தது மே மாதத்தை. தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்னரே அந்தமானை அடைந்துவிடும். பெரும்பாலும் மே மாத மூன்றாம் வாரத்தில் அங்கே மழை தொடங்கும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே கப்பல் செல்லாது. டிசம்பர் இறுதி முதல் ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். ஆகவே குளிர்கால விடுமுறையே பொருத்தம் என்றாள். ஏற்றுக்கொண்டோம்.

அடுத்து ஆறாம் நாள். ஹேவ்லாக் தீவு போர்ட் பிளேயரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விரைவுக் கப்பலில் ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் ஆகும். நீல் தீவும் ஏறக்குறைய அதே தொலைவுதான். கணக்கு எளிது, ஆனால் அந்தக் கணக்கைக் காற்று மாற்றிவிடும். காலைக் கப்பல் நின்றுபோனால் பகல் விமானம் போய்விடும். “விமானத்துக்கு முந்தைய இரவே போர்ட் பிளேயரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் எல்லாருக்கும் அம்மா இதைத்தான் முதலில் சொல்வார்” என்றாள்.

இவ்விடத்தில் பெயர்களைப் பற்றி ஒரு சொல். 1943ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் போர்ட் பிளேயரில் தேசியக் கொடியை ஏற்றினார். அதன் நினைவாக, 75 ஆண்டுகள் கழித்து, 2018இல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ஹேவ்லாக் சுவராஜ் தீவு என்றும் பெயர் பெற்றன. 2024இல் போர்ட் பிளேயர் நகரம் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. பேச்சு வழக்கில் பழைய பெயர்களும் நிலவுவதால், பயணக் குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிவைத்தல் நலம். இத்தீவுக்கூட்டத்தின் பெயர் தமிழுக்குப் புதியதும் அன்று. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார் தீவுகளே என்பர் அறிஞர்.

மாலை 6 மணிக்குக் கதிரவன் மறைவு என்ற வரியின் மேல் அவள் ஒரு பெரிய வினாக்குறி இட்டாள். “அப்போது இருட்டிவிடும்” என்றாள். எவரும் நம்பவில்லை. புவியியல் பாடத்தை நினைவுபடுத்தினேன். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேயரோ ஏறத்தாழ 92¾ பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். பத்துப் பாகைக்கு 40 நிமிடம். அங்கே கதிரவன் நம் கடிகாரத்தைவிட அவ்வளவு முந்திக்கொள்கிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே கதிரவன் கடலில் இறங்கிவிடுவான். அந்தமானில் நாளைத் திட்டமிடுவோர் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும் என்றபோது வகுப்பில் ஒரு முனகல் கேட்டது.

நீல் தீவின் இயற்கைப் பாலமும் அவ்வாறே. இலக்குமணபூர் கடற்கரை ஒன்றில், அலைகள் அரித்து வளைவாக்கிய பாறை அது. ஓதம் தாழ்ந்திருக்கும்போதே அதனருகே நடந்து செல்ல இயலும். ஓதம் உயர்ந்தால் வழி நீரில் மூழ்கிவிடும். ஓதம் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வடியும். அந்நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே ‘பகல் 12 மணி’ என்று வகுப்பறையில் இருந்தவாறு எழுதுவது வீண். அந்த நாளின் ஓத அட்டவணையைப் பார்த்தே எழுத வேண்டும்.

சிறைச்சாலைக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தை மாற்றியவன் நான். செல்லுலார் சிறை 1896இல் கட்டத் தொடங்கப்பட்டு 1906இல் முடிந்தது. நடுவே ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு சிறகுகள். ஒவ்வொன்றும் மூன்று தளம். ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் பின்சுவரை நோக்கியே அமைந்தன. ஏறத்தாழ 690 அறைகளில் இருந்தோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாகாது என்பதற்காகவே அவ்வாறு கட்டினர். இன்று மூன்று சிறகுகளே எஞ்சியுள்ளன. ஓர் அறையினுள் சென்று, பேசாமல் ஐந்து நிமிடம் நின்று பார்க்கவேனும் நேரம் வேண்டும். அரை நாளை அதற்குக் கொடுத்தோம். அறைகூவலாகக் கட்டிய மாளிகைகளை ஆலம்விழுதுகள் பற்றிக்கொண்டிருக்கும் ராஸ் தீவைச் சிறையைக் கண்ட பிறகே காண வேண்டும் என்பது என் கருத்து. சிறையை ஆண்டவர்கள் வாழ்ந்த இடம் அது.

பின்னர் உணவுக்கு வந்தோம். “அந்தமான் உணவு என்றால் என்ன?” என்று கேட்டேன். விடை இல்லை. கடற்படை வீட்டுப் பெண் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “ஹேவ்லாக்கில் கடுகு அரைத்த மீன் குழம்பு, அது வங்காளிகளுடையது. போர்ட் பிளேயர் கடைத்தெருவில் இட்லி, தோசை, பரோட்டா. எங்கள் பக்கத்து வீட்டில் பத்திரி. எல்லா இடத்திலும் இளநீர்” என்றாள்.

அவள் கூறியது ஒரு வரலாறு. நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏதிலியர் ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியமர்த்தப்பட்டனர். நீல் தீவின் ஊர்களுக்கு இராமநகர், சீதாபூர், பரத்பூர், இலக்குமணபூர் என்று பெயரிட்டனர். 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்ட மலபார் மாப்பிளமார் தம் ஊர்ப்பெயர்களைக் கொண்டுவந்தனர். தெற்கு அந்தமானில் இன்றும் வண்டூர் உண்டு, மஞ்சேரி உண்டு. காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து வந்தோர் ராஞ்சிக்காரர் எனப்பட்டனர். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் வந்தனர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய தமிழர்களும் வந்தனர். இலங்கையிலிருந்து வந்தோருள் பலர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் அமர்ந்தனர். இவர்கள் அனைவரும் தமக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழி இந்தி. வீட்டில் பேசுவது அவரவர் மொழி. ஆகவே ‘அந்தமான் உணவு’ என்ற சொல்லை அழித்துவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டாரின் உணவு என்று எழுதினோம்.

“அப்படியானால் அங்கே எல்லாரும் நம்மைப் போல மாற்றலாகி வந்தவர்களா, ஐயா?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. எல்லாரும் அல்லர் என்றேன். அதனால் இரண்டாம் நாளின் வரிக்கு வந்து சேர்ந்தோம்.

பாரடாங்கிற்குச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புக்காட்டின் ஊடே செல்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, காவலுடன் ஒன்றாகவே அனுப்பப்படும். இடையில் நிறுத்தலாகாது; படம் எடுக்கலாகாது; உணவுப் பொருள் எதையும் கொடுக்கலாகாது. இவை சட்டம். ஜாரவா மக்கள் சில நூறு பேரே உள்ளனர். 1990களின் இறுதி வரை அவர்கள் வெளியாரோடு பழகியதில்லை. பழகத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1999இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியார் வந்தபின் பெரிய அந்தமானியருக்கு நேர்ந்ததையும் கூறினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அம்மக்கள் இன்று ஐம்பது பேர் அளவில் எஞ்சியுள்ளனர்.

“நான் அந்தச் சாலையில் ஒருமுறை போயிருக்கிறேன்” என்றாள் அந்தப் பெண். “காட்டோரம் ஒரு சிறுவன் நின்றான். எங்கள் வண்டியில் இருந்தோர் எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் எழுந்தேன். அவன் என் வயதுதான் இருப்பான். எங்களைப் பார்த்தான். நான் உட்கார்ந்துகொண்டேன்.”

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவன் எழுந்தான். “நாம் குகையைக் காணத்தானே செல்கிறோம்? சன்னல் திரையை இழுத்துவிட்டுச் சென்றால் என்ன தவறு?” என்றான். நல்ல வினாதான். “அந்தச் சாலையில் நாள்தோறும் வண்டிகள் செல்வதே அவர்களுக்கு இடர். திரை இட்டாலும் வண்டி வண்டிதான்” என்றாள் மற்றொருத்தி. “அப்படியானால் வடக்கு அந்தமானில் வாழ்வோர் மருத்துவமனைக்கு எவ்வாறு வருவர்?” என்று அவன் மறுத்தான். அவர்களுக்குச் சாலை தேவை. நமக்குக் குகை தேவையா என்பதே நம் வினா என்று கூறி, முடிவை அவர்களிடமே விட்டேன். ஐவர் வேண்டாம் என்றனர். அவ்வரி அழிக்கப்பட்டது. அந்த மாணவன் இறுதிவரை உடன்படவில்லை. குகையைக் காண நமக்கும் உரிமை உண்டு என்றே தன் கட்டுரையில் எழுதினான். காரணங்களை ஒழுங்காகக் கூறியிருந்ததால் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வாறு விடுவித்த நாளை ஹேவ்லாக்கிற்குக் கொடுத்தோம். பவளப்பாறையைக் காண அங்கிருந்து யானைக் கடற்கரைக்குப் படகில் செல்லலாம். பவளம் கல் அன்று. மிகச் சிறிய உயிர்கள் கூடிக் கட்டும் வீடு. பெரும்பாறையாகத் திரளும் வகை ஓராண்டில் ஒரு விரற்கடை அளவுகூட வளராது. அதன்மேல் காலூன்றி நின்றால் பல்லாண்டு உழைப்பு ஒரு நொடியில் நொறுங்கும். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் எடுத்துவரக் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பர். சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை உண்டு. அதை எவரும் அலங்காரம் என்று எண்ண வேண்டா.

திருத்திய திட்டத்தில் எட்டு நாள்கள். முதல் இரண்டு நாள்கள் போர்ட் பிளேயரில் சிறையும், ராஸ் தீவும், 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையும். அடுத்த மூன்று நாள்கள் ஹேவ்லாக்கில். ராதாநகர் கடற்கரையில் மாலை 4 மணிக்கே இருத்தல். ஐந்தாம் நாள் மாலை நீல் தீவு சேர்தல். ஆறாம் நாள் ஓத அட்டவணைப்படி பாலம் கண்டு, மாலையில் போர்ட் பிளேயர் திரும்புதல். எட்டாம் நாள் விமானம். இடையில் உள்ள ஏழாம் நாளின் எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை. “இதை நிரப்பவில்லையா?” என்று கேட்டேன்.

கடற்படை வீட்டுப் பெண் அவ்விடத்தில் ‘கடலுக்கு’ என்று எழுதிவிட்டு, கையில் இருந்த சுண்ணப்பொடியைத் தட்டிக்கொண்டு இருக்கைக்குச் சென்றாள்.

அருஞ்சொற்பொருள்

ஓதம் – கடல்நீர் ஏறுதலும் வடிதலும்
ஏதிலியர் – வாழ்ந்த ஊரைவிட்டு அடைக்கலம் தேடி வந்தோர்
விரற்கடை – ஒரு விரலின் அகலம்
காப்புக்காடு – சட்டத்தால் காக்கப்படும் காடு
மெய்க்கீர்த்தி – அரசனின் புகழையும் வெற்றியையும் கூறும் கல்வெட்டுப் பகுதி

பயிற்சி

1. மாணவர்களின் முதல் திட்டத்தில் இருந்த பிழைகளுள் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று எழுதுக.

2. உங்கள் ஊரின் தீர்க்கரேகையை நிலப்படத்தில் காண்க. அங்கே கதிரவன் இந்திய நேரத்தைவிட எத்தனை நிமிடம் முந்துகிறான் அல்லது பிந்துகிறான்?

3. காணலாகாது, நிறுத்தலாகாது, எடுக்கலாகாது – இவ்வமைப்பில், பயணிகளுக்கு மூன்று தொடர்கள் எழுதுக.

4. நீங்கள் இப்போது வாழும் ஊருக்கு வேறு இடங்களிலிருந்து வந்தோர் கொண்டுவந்த உணவுகள் எவை? உங்கள் வீட்டு உணவு ஒன்றையும் சேர்த்து, பெரியோரிடம் கேட்டு எழுதுக.

5. பாரடாங் செல்வது பற்றி அந்த மாணவன் பக்கமோ, மற்ற ஐவர் பக்கமோ நின்று, காரணங்களுடன் பத்து வரிகள் எழுதுக. வகுப்பில் எதிர்ப்பக்கம் எழுதியவரின் கட்டுரையை வாங்கிப் படிக்க.