புழுதிக்குக் கழிவெண்ணெய் மருந்தா?

கல்குவாரிக்குப் போகும் மண்பாதையானாலும், செங்கற்சூளைக்குப் போகும் வண்டித்தடமானாலும், புழுதியைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில், ஒர்க்‌ஷாப்பில் வீணாய்க் கிடக்கும் பழைய எஞ்சின் ஆயிலை வாங்கித் தெளித்தால் தீர்ந்தது என்று எவராவது ஒருவர், ஏதோ சித்தர் ரகசியத்தை வெளியிடுகிறவரைப் போல, உபதேசிக்காமல் இருப்பதில்லை. கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில், டைம்ஸ் பீச் என்ற சிற்றூர் தார் காணாத தன் வீதிகளின் புழுதியை அடக்க 1970-களின் தொடக்கத்தில் இதே வைத்தியத்தைத்தான் நாடிற்று. தெளிக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒரு ரஸாயன ஆலையின் கழிவையும் எண்ணெயோடு கலந்திருந்தார். அதில் டையாக்ஸின் என்னும் கொடிய விஷம் இருந்தது. அதே மனிதர் எண்ணெய் தெளித்த குதிரைக் கொட்டாரங்களில் குதிரைகள் மடிந்தன. 1982 டிசம்பரில் மெராமெக் ஆறு பெருகி ஊரை மூழ்கடித்த பிறகு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த அவ்வூரை அரசாங்கமே விலைக்கு வாங்கிக் காலிசெய்ய நேர்ந்தது. மண்ணைத் தோண்டி உலையிலிட்டு எரிக்கும் வேலை 1997-இல்தான் முடிந்தது.

"அது டையாக்ஸின், நம்முடையது வெறும் லாரி எண்ணெய்தானே!" என்பார்கள். அந்த ஊராரும் வெறும் எண்ணெய் என்றுதானே நம்பினார்கள்? எஞ்சினில் வெந்து வெளிவரும் எண்ணெயில் உலோகத் துகள்களும், புற்றுநோய்க்கு ஏதுவான ஹைட்ரோகார்பன்களும் கலந்திருக்கின்றன. மழையில் ஒரு பங்கு ஓடைக்கும் கிணற்றுக்கும் போக, மறுபங்கு மண்துகளோடு ஒட்டிக் காய்ந்து, எந்தப் புழுதியை அடக்க ஊற்றினோமோ அந்தப் புழுதியாகவே நம் சுவாசத்தில் புகுகிறது.

தண்ணீர் தெளித்தாலே போதும் என்பவர்கள் சித்திரை வெயிலில் அது எத்தனை மணி நேரம் தங்குகிறதென்று பார்க்கட்டும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பாதையை நனைத்து வைப்பது மெய். ஆனால் பெருமழையில் கரைந்து போகும், வண்டியின் இரும்பையும் அரிக்கும். ரஸாயனம் என்றாலே விஷம் என்பதும் பேதைமை. காகித ஆலையில் மரக்கூழிலிருந்து கிடைக்கும் லிக்னின் பசை அத்தனை கொடியதன்று, மழைக்கு அதுவும் நில்லாது என்பதுதான் அதன் குறை.

இவ்வளவு மருந்து கேட்பவர்களில் ஒருவராவது கேம்பரை, அதாவது பாதையின் குறுக்குச் சரிவைப் பற்றிக் கேட்டதுண்டா? நடுமேட்டிலிருந்து இருபுறமும் மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் வீதம் சரிவில்லாத பாதையில் நீர் தேங்குகிறது. தேங்கிய இடம் குழியாகிறது. குழியின் ஜல்லியைச் சக்கரம் அரைத்துப் பொடியாக்குகிறது. அந்தப் பொடிதான் ஐயா, புழுதி! எண்ணெய்க்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் சரிவைச் சீர்செய்து, களிமண் கலந்த நல்ல கிராவல் பரப்பி, ஈரம் உலருமுன் ரோலர் ஓட்டுங்கள். பக்கத்து வாய்க்காலைத் தூர்வாருங்கள். லாரிகளின் வேகத்தைக் குறையுங்கள். அதன் பிறகும் புழுதி எழுந்தால், எந்த ரஸாயனம் தெளிக்கலாம் என்று என்னிடம் வாருங்கள்.